மறு: ஷியர் சென்டர் – "முறுக்காப் புள்ளி" எனலாமா?

வணக்கம். ஷியர் சென்டர் (shear center), அதாவது குறுக்கே வரும் சுமை எதன் வழியே போனால் உத்திரம் போன்ற கட்டமைப்பு உறுப்பு முறுகாதோ அந்தப் புள்ளி; அதற்கு நான் முன்வைத்த தமிழ்ப் பெயருக்கு வந்த மறுப்புகளுக்கு இது பதில்.

> "வெட்டு மையம்" போதுமே. மூலச்சொல்லுக்கு நேர், சுருக்கமும்கூட.

சுருக்கம்தான். ஆனால் மையம் என்றதும் படிப்பவர் பரப்பு மையத்தைத்தான் (வெட்டுமுகப் பரப்பின் நடுப்புள்ளி, centroid) நினைப்பார். 50×50×6 மி.மீ. ஆங்கிளில் (இரு கால்கள் கொண்ட "L" வடிவ இரும்பு; கால் நீளம் 50, தடிமன் 6) பரப்பு மையம் வெளிமுகங்களிலிருந்து சுமார் 14.5 மி.மீ. உள்ளே, இரும்பே இல்லாத இடத்தில் விழுகிறது. நாம் பெயர் தேடும் புள்ளியோ இரு கால்களின் நடுக்கோடுகளும் சந்திக்கும் மூலையில், வெளிமுகத்திலிருந்து 3 மி.மீ.யில் இருக்கிறது. "C" வடிவ சி சேனலில் அது முதுகுக்குப் பின்னால், வெட்டுமுகத்துக்கு வெளியிலேயே போய்விடும். "I" வடிவ ஐ உத்திரத்தில் இரண்டு புள்ளிகளும் ஒன்றாகிவிடுவதால் குழப்பமில்லை. ஆங்கிளிலும் சேனலிலும்தான் சிக்கல்.

குறுக்குச் சுமை அந்தப் புள்ளி வழியே போனால் உறுப்பு முறுகாது. அதன் சிறப்பே அதுதான். பெயரிலும் அதையே சொல்லிவிடலாம்: முறுக்காப் புள்ளி.

சொல் நிற்குமா என்று ஒரு கணக்கில் வைத்துப் பார்த்தேன். தூணில் ஒரு முனை வெல்டு செய்து 300 மி.மீ. நீட்டிய அதே ஆங்கிள். ஒரு கால் செங்குத்தாக மேலே, மற்றது அடியில் கிடைமட்டமாக. இயந்திரத்தின் பாரத்தில் 1000 நியூட்டன், வெளிமுனையில், கிடைமட்டக் காலின் நடுவில் இறங்குகிறது. சுமைக்கோடு முறுக்காப் புள்ளியிலிருந்து 22 மி.மீ. தள்ளி இருக்கிறது. ஆகவே 22 நியூட்டன் மீட்டர் முறுக்கம். அதனால் மட்டும் ஏறத்தாழ 20 மெகாபாஸ்கல் வெட்டுத் தகைவு (shear stress). வளைவோடு சேர்த்து இந்த முறுக்கத்தையும் தூணருகே உள்ள வெல்டுதான் தாங்க வேண்டும். இப்படி நீட்டிய தாங்கிகளின் (பிராக்கெட்) கணக்குகளில் எளிதில் விட்டுப்போவது இதுதான். வாக்கியத்தில் சொல் இடறவில்லை என்றே படுகிறது.

> புள்ளியா முறுக்குகிறது? சுமையல்லவா?

சரிதான், ஆனால் "காற்றுப் புகா இடம்" என்கிறோமே, புகாதது காற்றுதானே, இடமில்லையே. பெயரெச்சம் இதைத் தாங்கும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. சுமை அந்தப் புள்ளி வழியே இறங்கினாலும் சமகால் ஆங்கிள் நேர் கீழாக வளையாது. அதன் முதன்மை அச்சுகள் (இவற்றின் திசையில் சுமை வந்தால்தான் உறுப்பு அதே திசையில் வளையும்) 45 பாகை சாய்ந்தவை. அதனால் பக்கவாட்டிலும் நகரும். பக்கப்பிடிப்பு இல்லையென்றால் செங்குத்துக் காலின் நுனியில் வளைவுத் தகைவு, கிடைமட்ட அச்சை மட்டும் வைத்துப் போடும் சாதாரணக் கணக்கு காட்டுவதைவிடச் சுமார் கால் பங்கு கூடும். முறுக்கா என்பதை "பக்கவாட்டில் அசையா" என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்காக வரையறையை இப்படி எழுதியிருக்கிறேன்:

முறுக்காப் புள்ளி: குறுக்குச் சுமை எந்தப் புள்ளி வழியே சென்றால் உறுப்பில் வளைவு மட்டும் ஏற்பட்டு முறுக்கம் ஏற்படாதோ, வெட்டுமுகத் தளத்திலுள்ள அந்தப் புள்ளி. வளைவு சுமையின் திசையிலேயே இருக்க வேண்டியதில்லை.

கடைசி வரியை வரையறைக்குள் வைப்பதா, குறிப்பாகப் போடுவதா? உள்ளேயே இருக்கட்டும் என்பது என் கருத்து. அந்த 22 மி.மீ.க்கும் ஒரு பெயர் வேண்டும். "சுமை விலக்கம்" சரிவருமா, பாருங்கள்.