பிள்ளைகளுக்கு நம் சபை வரலாறு: அசனப் பந்தியிலிருந்து தரங்கம்பாடி வரை, உங்கள் அனுபவம் என்ன?

நாசரேத் மருமகள்:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் பிள்ளைகள் வீட்டில் இருந்தே படிக்கிறார்கள். பெரியவன் என்.ஐ.ஓ.எஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதப் போகிறான். திருச்சபை வரலாற்றுக்கென்று நாங்கள் வரவழைத்த வெளிநாட்டுப் பாடப்புத்தகம் 1517 அக்டோபர் 31, விட்டன்பர்க் ஆலயக் கதவு, லூத்தரின் 95 கருத்துரைகள் என்று ஆரம்பித்து, மற்றச் சீர்திருத்தக்காரர்களான கால்வின், நாக்ஸ் வழியாக அமெரிக்காவில் போய் முடிகிறது. திருநெல்வேலி அதில் எங்கே வரப்போகிறது? அதனால் இந்த வருஷம் பாதிப் பாடத்தை நானே போட்டேன்.

முதலில் பாளையங்கோட்டை. கிளாரிந்தா அம்மாள் 1785-இல் கட்டிய சின்னக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர். அதைக் காரணம் காட்டி ஜெர்மன் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயர் (போதகரை நாங்கள் ஐயர் என்போம்) முதலில் ஞானஸ்நானம் தர மறுத்தார், 1778-இல்தான் கொடுத்தார் என்று சொன்னதும் மகள் விடவில்லை. "அப்போ சபை அவங்க கட்டின கோயிலை மட்டும் வாங்கிக்கிச்சா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆனால் பாடம் சூடு பிடித்ததே அந்தக் கேள்வியில்தான்.

அப்புறம் முதலூர். விரட்டப்பட்ட கிறிஸ்தவர்கள் குடியிருக்க, டேவிட் சுந்தரானந்தம் முன்நின்று 1799-இல் உருவாக்கிய ஊர். மிஷனெரி என்றாலே வெள்ளைக்காரர் என்று நினைத்திருந்த பையனுக்கு இவர் பெயர் நன்றாகப் பதிந்துவிட்டது. (அந்த ஊர் மஸ்கோத் அல்வாவுக்கும் அதில் பங்குண்டு.)

ஆனால் எல்லாவற்றையும்விட அவர்களுக்குப் பிடித்தது என் மாமனார் ஊர் அசனம்தான், அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் பொதுப் பந்தி. முந்தின ராத்திரியே அடுப்பு மூட்டிவிடுவார்கள். ஆடு, அரிசி, தேங்காய் எல்லாம் நேர்ந்துகொண்டவர்கள் கொடுத்த காணிக்கை. வடித்த சோற்றை ஓலைப்பாயில் மலையாகக் கொட்டி, ஐயர் ஜெபம் பண்ணிய பிறகுதான் யாரும் அகப்பையைத் தொடுவார்கள். எங்கள் சேகரத்துச் சபை ஆட்கள் மட்டுமில்லை, பக்கத்துத் தெருவில் அம்மன் கோயில் கொடைவிழா நடத்துகிறவர்களும் தூக்குவாளியோடு வந்து நின்றார்கள். பெரியவன் தண்ணீர் ஊற்றினான். சின்னவள் காணிக்கைப் பொருள் ஏலத்தில் ஒரு தேங்காய் எழுநூறு ரூபாய்க்குப் போனதைப் பார்த்து வாய் பிளந்தாள். அன்றைய கணக்குப் பாடம் அதுதான்.

உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

பொறையார்க்காரன்:
அக்கா, எங்கள் பக்கம் ஜூலை 9-ஐ விட மாட்டோம். 1706-இல் ஜெர்மன் மிஷனெரிகள் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கிய நாள். ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளைப் புதிய எருசலேம் ஆலயத்துக்குக் கூட்டிப்போவேன். 1718-இல் பிரதிஷ்டை ஆனது. மறு வருஷமே சீகன்பால்கு இறந்து அங்கேயே அடக்கமானார், வயது 36.

வீட்டுப் பாடத்துக்கு ஒரு யோசனை: அச்சு. ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிது பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. அதனால் இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள், பொறையாரில் காகிதமும் செய்து பார்த்தார்கள். தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் முடிந்தது. நாங்கள் உருளைக்கிழங்கை வெட்டி எழுத்து செதுக்கினோம். "ம" வந்துவிட்டது. "ஞ" செதுக்கிய என் மகன் அதைத் திருப்பிப் போட வேண்டும் என்பதை மறந்து, மை தொட்டு அழுத்திய பிறகு, "அப்பா, இது எந்த பாஷை?" என்றான்.

தஞ்சை சித்தி:
ரெண்டு பேரும் நல்லாச் செய்கிறீர்கள். ஆனால் பண்டிகைப் பக்கத்தை மட்டும் காட்டி நிறுத்திவிடாதீர்கள். எங்கள் தஞ்சாவூர்ச் சபைகளில் சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்த காலம் உண்டு. 1833-இல் கல்கத்தா பிஷப் வில்சன் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவு போட்டபோது சபையை விட்டே போனவர்கள் இருந்தார்கள். நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரும் சாதி வழக்கத்தை விட்டுக்கொடுக்காமல் வாதாடியவர்தான். டாலஸில் வீட்டுப் பள்ளியில் படிக்கும் என் பேத்திக்கு வீடியோவில் இதைச் சொன்னேன். மருமகளுக்குக் கொஞ்சம் வருத்தம், "இந்த வயசுல இது எதுக்கு அத்தை?" என்றாள். பத்து வயதுப் பிள்ளைக்கு லூத்தர் போப்பை எதிர்த்ததைச் சொல்லலாம் என்றால் இதையும் சொல்லலாம் என்பது என் கட்சி.

நாசரேத் மருமகள்:
சித்தி, உங்கள் கட்சியில் நானும் சேர்ந்துவிட்டேன். பெரியவனுக்கு இதைக் கட்டாயம் சொல்வேன், சின்னவளுக்கு அடுத்த வருஷம். பொறையார் அண்ணன், ஜூலையில் பிள்ளைகளோடு வருகிறோம். காலை ஆராதனை எத்தனை மணிக்கு? திருநெல்வேலியிலிருந்து ராத்திரி கிளம்பினால் வந்து சேர்ந்துவிடலாமா?

பொறையார்க்காரன்:
தாராளமாக வாங்க அக்கா. ஆனால் முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடுங்கள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்தால் பிள்ளைகள் பிரசங்கத்தில் தூங்கிவிடுவார்கள். நேரம் அந்த வாரம் ஐயரிடம் கேட்டு இங்கேயே போடுகிறேன்.