பால் பதிவு நேரம்: யூடிசியா, நம்ம ஊர் நேரமேவா?

அம்மாபேட்டை:
சேலத்தைச் சுத்தி இருக்கிற பால் சேகரிப்பு மையங்களுக்கு சாஃப்ட்வேர் பண்றேன். எல்லாரும் சொன்னாங்கன்னு நேரத்தை யூடிசியில, அதாவது உலகப் பொது நேரத்துல சேமிச்சேன். காலைல 5:10க்கு ஊத்துன பால் முந்தின நாள் தேதியில விழுது, 5:40க்கு ஊத்துனது அன்னைக்குத் தேதியில. ஒரே வரிசையில கேனோட நின்ன ரெண்டு பேருக்கு ரெண்டு தேதி! பட்டுவாடா அன்னைக்கு ஒரு அம்மா நோட்டை விரிச்சுக் காட்டிக் கேட்டாங்க, நியாயம் அவங்க பக்கம்தான். நம்ம ஊர் நேரமான ஐஎஸ்டியிலயே போட்டுட்டா என்ன?

சூரமங்கலம்:
தம்பி, கோளாறு சேமிப்புல இல்லை, ரிப்போர்ட்ல. யூடிசி நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. மாத்தாமலே தேதிவாரியாக் கூட்டினா 5:30ல தேதி உடையத்தான் செய்யும். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ்னா, தகவல் கேக்குற குவெரியில நேரத்தை ‘ஏசியா/கோல்கத்தா’வுக்கு, அதாவது நம்ம ஊர் நேரத்துக்கு மாத்திட்டு அப்புறம் தேதிவாரியா குரூப் பண்ணுங்க.

அம்மாபேட்டை:
ஒரு ரிப்போர்ட்ல மறந்தாலும் போறது விவசாயி காசு. என் கஸ்டமர் எல்லாம் ஓமலூர், ஆத்தூர், எடப்பாடி. வெளிநாடே இல்லீங்கண்ணா.

சூரமங்கலம்:
வெளிநாடு எதுக்கு, சர்வரை மாத்தினாலே போதும். ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையோட டேட்டாபேஸை ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்து கிளவுடுக்கு ஏத்தினேன். எந்த ஊர் நேரம்னு சொல்ற டைம்ஸோன் இல்லாத ஃபீல்டு, நேரம் போடுறது சர்வர் கடிகாரம். அன்னைக்கு மதியம் வரைக்கும் ஐஎஸ்டி, அப்புறம் கிளவுடு சர்வரோட யூடிசி. சாயங்காலம் 4:00க்கு எடை போட்ட கொலுசு 10:30னு நிக்குது. வரியைப் பார்த்து எது எந்த நேரம்னு சொல்ல வழியே இல்லை. ரெண்டு ராத்திரி பில் புக்கோட உக்காந்து திருத்தினேன்.

ஏற்காடு:
எல்லாத்துக்கும் யூடிசிங்கிறதும் தப்புங்க. எங்க காபி எஸ்டேட்டுக்கு ஜெர்மனியில ஹாம்பர்க் வியாபாரியோட வாராவாரம் பேச்சு, அவங்க ஊர் காலை 10 மணிக்கு. கோடையில நமக்கு 1:30, அக்டோபர் கடைசி ஞாயிறு அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வெச்சதும் 2:30. நான் ஜூலையிலயே யூடிசி 8:00னு மொத்தமாப் போட்டு வெச்சிட்டேன். நவம்பர்ல அவங்க ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடியே கூப்பிட்டோம். நடந்து முடிஞ்சதுக்கு யூடிசி சரி. நடக்கப்போறதுக்கு அந்த ஊர் நேரமும் ‘யூரோப்/பெர்லின்’ங்கிற டைம்ஸோன் பேரும் வேணும். போஸ்ட்கிரெஸ்ல ‘டைம்ஸ்டாம்ப் வித் டைம்ஸோன்’னு பேருதான், உள்ளே டைம்ஸோன் நிக்காது, தனி ஃபீல்டுலதான் வைக்கணும்.

அம்மாபேட்டை:
அப்படின்னா என் பால் தேதியும் தனிதானே? ‘14ஆம் தேதி, காலை வேளை’ங்கிறது மையத்துல முடிவாகிறது. அதைக் கடிகாரத்துல இருந்து கணக்குப் போட்டதே தப்பு. தேதி, வேளை ரெண்டும் தனி ஃபீல்டு. நேரம் யூடிசியிலயே இருக்கட்டும்.

சூரமங்கலம்:
இதை நான் யோசிக்கலை தம்பி, அதுதான் சரி. பழைய வரிகளுக்குத் தேதி நிரப்பினதும், 5:30க்கு முந்தின பதிவுகளை மட்டும் அந்தம்மா நோட்டோட ஒரு தடவை ஒத்துப்பாருங்க.