சுடுகூழ் ஊற்ற 5ஆம் இலக்கப் பெட்டி எங்கே வாங்கலாம்?

கோண்டாவிலில் அம்மா ஞாயிறுகளில் ஒடியல் கூழ் காய்ச்சி விற்கிறார். போன கிழமை புதிதாக வாங்கிய கண்ணாடி மாதிரிப் பெட்டிகளில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினோம். அடி நெளிந்து, மூடி கழன்று, பாதிக் கூழ் பைக்குள். திருப்பிப் பார்த்தால், பிளாஸ்டிக் வகையைக் காட்டும் முக்கோணத்துக்குள் 1. அந்தப் பெட் (PET) பிளாஸ்டிக் 70, 80 பாகையிலேயே இளகிவிடும்.

எங்களுக்கு வேண்டியது 5 போட்ட பொலிப்புரொப்பிலீன். அது உருக 160 பாகையளவு வேண்டும், கூழின் புளிக்கும் அசையாது. பால்போல் கொஞ்சம் மங்கலாக இருக்கும், அழுத்தினால் வளைந்து நிமிரும்.

அரை லீற்றர் அளவில் யாழ்ப்பாணத்தில் மொத்தமாக எங்கே கிடைக்கும்? மூடியும் 5 ஆக இருக்க வேணும். கஸ்தூரியார் வீதிப் பக்கம் மூன்று கடை ஏறி இறங்கினேன், எல்லாவற்றிலும் மூடி 6. பாவிக்கிற ஆக்கள் விலையோடு சொல்லுங்கோ. வருகிற ஞாயிறுக்கு 40 பேர் சொல்லிவைத்திருக்கிறார்கள்.