‘அமைதிப் பந்தயம்’ பார்த்தவர்கள் யாரையாவது சந்தித்திருக்கிறீர்களா?

மக்டெபுர்கிலிருந்து:

ஜெர்மனிக்குப் படிக்க வந்த முதல் வருடம் ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். ஒரே வாரத்தில் பின் சக்கரம் கோட்டமாகிவிட்டது. எழுபது வயதைத் தாண்டிய கீழ் வீட்டுப் பெரியவர் பார்த்துவிட்டு, உள்ளே கொண்டுவரச் சொல்லி, கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சரிசெய்து கொடுத்தார். அவருடைய பட்டறைச் சுவரில் வெள்ளைப் புறா போட்ட ஒரு சின்னக் கொடி தொங்கியது. அது என்ன என்று கேட்டேன். சக்கரம் அரை மணியில் முடிந்தது. அந்தப் பேச்சு முடிய இரவாகிவிட்டது.

அது ஒரு சைக்கிள் பந்தயத்தின் கொடி. ஜெர்மனில் ஃப்ரீடன்ஸ்ஃபார்ட் என்கிறார்கள், அமைதிப் பந்தயம். புறா பிக்காசோவுடையது. 1948 மே மாதம் செக் கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையும் போலந்துக் கட்சிப் பத்திரிகையும் சேர்ந்து தொடங்கியவை. ‘தொடங்கியவை’ என்று சொல்லக் காரணம், முதல் வருடம் வார்சாவிலிருந்து பிராகுக்கு ஒன்று, பிராகிலிருந்து வார்சாவுக்கு ஒன்று என இரண்டு பந்தயங்கள் நடந்தன. 1952ல் கிழக்கு ஜெர்மனியின் நோயஸ் டாய்ச்லாண்ட் பத்திரிகையும் சேர்ந்துகொள்ள, வார்சா, பெர்லின், பிராக் என்று மூன்று தலைநகரங்களைத் தொடும் பந்தயமானது. அந்த வருடம் ஜெயித்தவர் ஸ்காட்லாந்துக்காரர் இயன் ஸ்டீல்.

ஜெர்மன் படை இடித்துத் தள்ளிய நகரம் வார்சா. போர் முடிந்து ஏழே வருடம். அங்கே போய் ஜெர்மன் பையன்கள் சைக்கிளோடு நின்றார்கள். அவர்களை என்ன செய்வார்களோ என்று தன் அம்மா ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததைப் பெரியவர் சொன்னபோது, இதை வெறும் கட்சி விளம்பரம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

அப்புறம் அவர் பேசியதெல்லாம் டேவே ஷூரைப் பற்றித்தான். இந்த ஊரை ஒட்டிய ஹைரோட்ஸ்பெர்கேதான் ஷூரின் ஊர். 1955லும் 1959லும் அமைதிப் பந்தயத்தை வென்றவர். ஆனால் பெரியவருக்குப் பெரிய விஷயம் 1960ல் சாக்ஸன்ரிங் பந்தயப் பாதையில் நடந்த அமெச்சூர் உலக சைக்கிள் போட்டி. முந்தைய இரண்டு வருடமும் பட்டம் ஷூருக்குத்தான். கடைசியில் பெல்ஜியக்காரர் ஒருவர் ஷூரை விட்டுக் கண் எடுக்காமல் ஓட்டிவந்தார். அந்த நேரம் பார்த்து சக வீரர் எக்ஸ்டைன் முன்னால் பாய, ஷூர் துரத்தாமல் விட்டுக்கொடுத்தார். எக்ஸ்டைனுக்குத் தங்கம், ஷூருக்கு வெள்ளி. இதைச் சொல்லும்போது பெரியவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

உங்களில் யாருக்காவது இப்படி ஒருவர் கிடைத்திருந்தால் எழுதுங்கள்.

பிராகிலிருந்து:

என் வீட்டுக்கார அம்மா இந்தப் பந்தயம் பற்றிச் சொன்னது ஒரே ஒரு வருடம்தான்: 1969. அதற்கு முந்தைய ஆகஸ்டில் டாங்கிகள் இந்த நாட்டுக்குள் வந்தன, சோவியத் படையோடு போலந்துப் படையும். அடுத்த மே மாதம் பந்தயம் செக்கோஸ்லோவாகியா பக்கமே வரவில்லை, செக் வீரர்களும் போகவில்லை. வார்சாவிலிருந்து பெர்லினுக்கு ஓட்டி முடித்துக்கொண்டார்கள். “மே மாதம் தெரு காலியாக இருந்தது” என்றார். நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

வார்சாவிலிருந்து:

இங்கே பெரியவர்களிடம் கேட்டால் முதலில் வருவது பம்ப் கதைதான். எனக்குச் சொன்னவர் ஒரு டாக்சி ஓட்டுநர், தேசிய அரங்கத்தைத் தாண்டும்போது கையைக் காட்டினார். அந்த இடத்தில்தான் பழைய பத்தாம் ஆண்டு அரங்கம் இருந்தது. 1956ல் பந்தயத்தை வென்ற முதல் போலந்துக்காரர் ஸ்டானிஸ்வாஃப் குருலாக், அரங்கத்துக்குள் நுழைகிற வழியில் சோவியத் வீரரைக் காற்றடிக்கும் பம்பால் அடித்தார் என்பது கதை. ஊர் கட்டிய கதை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சொன்னவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, மாஸ்கோவை வாய்விட்டுத் திட்ட முடியாத காலத்தில் மக்களுக்கு அது எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று புரிந்தது. நான்கு முறை வென்ற இன்னொரு போலந்துக்காரர் ஷுர்கோவ்ஸ்கியைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு நேரம் பேசவில்லை.

லைப்சிகிலிருந்து:

என்னோடு வேலை பார்க்கும் அக்கா கீவ் நகரத்துக்காரர். 1986ல் அவருக்கு ஒன்பது வயது. அந்த வருடப் பந்தயம் அப்போது சோவியத் யூனியனில் இருந்த கீவில்தான் தொடங்கியது, மே 6ஆம் தேதி. செர்னோபில் அணு உலை வெடித்தது ஏப்ரல் 26. இரண்டுக்கும் நடுவில் பத்தே நாள். கீவிலிருந்து செர்னோபிலுக்குச் சுமார் நூறு கிலோமீட்டர்தான்.

மேற்கு நாட்டு அணிகள் பல வரவில்லை. வந்தவர்கள் திறந்த தெருக்களில் மூச்சிரைக்க ஓட்டினார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்ட அந்தப் பந்தயம் நடந்தே ஆகவேண்டியிருந்தது. அக்காவை அவருடைய அப்பா தோளில் தூக்கி வைத்துக் காட்டினாராம். அதுதான் இன்றுவரை அவருக்கு ஆறாத விஷயம். “எவ்வளவு ஆசையாகக் கூட்டிப்போனார் தெரியுமா? அவருக்கு யாருமே சொல்லவில்லை” என்றார். அந்த வருடம் ஜெயித்தவர் கிழக்கு ஜெர்மனியின் ஓலாஃப் லுட்விக். கூகுள் பண்ணி நான் சொன்ன பிறகுதான் அக்காவுக்கே அது தெரிந்தது.

மக்டெபுர்கிலிருந்து, மறுபடியும்:

லைப்சிக் நண்பர் எழுதியதைப் பெரியவரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். 1986ல் டிவி முன்னால் உட்கார்ந்து லுட்விகுக்காகக் கத்தினாராம். வீரர்கள் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை என்றார்.

போன மாதம் அவரோடு க்ளைன்மூலிங்கன் கிராமத்துக்குப் போனேன். இந்தப் பந்தயத்துக்கென்றே அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய சைக்கிள்கள், பனியன்கள், படங்கள். பெர்லின் சுவர் விழுந்த பிறகும் பந்தயம் தாக்குப்பிடித்தது. ஜெர்மன் வீரர் ஸ்டெஃபன் வெஸமன் ஐந்து முறை வென்று எல்லோரையும் மிஞ்சியதெல்லாம் அதற்குப் பிறகுதான். 2005ல் நடக்கவில்லை, 2006ல் கடைசியாக ஒருமுறை நடந்தது.

மே மாதம் இருவரும் மேரானே ஊருக்குப் போகிறோம். அங்கே ‘செங்குத்துச் சுவர்’ என்று பெயர் வாங்கிய கல் பாவிய ஏற்றம் இருக்கிறது, பந்தயத்தில் கூட்டம் நெருக்கியடித்து நின்ற இடம். நான் ஏறுவேன், அவர் மேலே நின்று பார்ப்பார். லைப்சிக் நண்பரே, அக்காவுக்கு விருப்பமிருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள்.