மூளைச்சாவு பற்றிக் குடும்பத்தாரிடம் பேச யாராவது கற்றுத்தர முடியுமா?

எல்லாருக்கும் வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றில் ஐசியூ செவிலியராக இருக்கிறேன். போன மாதம் பைக் விபத்தில் வந்த ஒரு பையனுக்கு மூளைச்சாவு. மூளைச்சாவை உறுதிசெய்ய நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு பரிசோதனை என்ற விதியெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனால் அவன் அம்மா, "நெஞ்சு ஏறி இறங்குதே சிஸ்டர், உசுரு இருக்குல்ல?" என்று கேட்டபோது எனக்கு வார்த்தை வரவில்லை. வென்டிலேட்டர்தான் மூச்சுவிடுகிறது என்பதை எப்படிச் சொல்வது? அதற்குள் எங்களில் ஒருவர் உறுப்பு தானப் பேச்சை எடுத்துவிட்டார், முதல் பரிசோதனைகூட முடியவில்லை. குடும்பமே கொதித்துப்போனது. அவர்கள்மேல் தப்பே இல்லை. இறப்பைப் புரியவைத்து, அழ நேரம் கொடுத்த பிறகல்லவா கேட்டிருக்க வேண்டும்!

2008-ல், விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தந்த பெற்றோர், மருத்துவர்கள்; மூளைச்சாவு என்றால் என்ன என்பது அவர்களுக்குத் தெரியும். மற்ற வீடுகளுக்கு நாம்தானே விளக்க வேண்டும்?

உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் பயிற்சி முடித்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, உறவினர்போல நடித்துக் கேள்வி கேட்டு எங்களைப் பேசப் பழக்குங்கள். இரவுப் பணி மருத்துவர்களையும் உட்கார வைக்கிறேன்; அனுமதி வாங்கியாயிற்று. தமிழில் பயிற்சிக் குறிப்பு இருந்தாலும் அனுப்புங்கள்.