வண்டி கிடைத்தது, கைக்கு வரத்தான் நாளானது

திருடு போன என் பைக் கிடைத்துவிட்டதாக ஸ்டேஷனிலிருந்து போன் வந்த அன்று, வீட்டிலிருந்த இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டுதான் போனேன். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டி வந்துவிடலாம் என்று நினைப்பு. "இப்போ இது கேஸ் ப்ராப்பர்ட்டி சார், கோர்ட் ஆர்டர் வாங்கிட்டு வாங்க" என்றார் ரைட்டர். கேஸ் ப்ராப்பர்ட்டி என்றால், வழக்குக்காகக் கைப்பற்றி வைத்த பொருள்.

வழக்கு முடிந்தால் அவர்களே கூப்பிடுவார்கள் என்று மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான். மனு போடாமல் வண்டி வராது. ஒருநாள் போய்ப் பார்த்தால், காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. இரண்டு டயரிலும் காற்று இல்லை, டேங்க் மூடியைச் சுற்றித் துரு. செயினில் பற்றிய ஒரு கொடி ஹேண்டில்பார் வரை ஏறியிருந்தது. ஆறு வருடம் வேலைக்கு ஓட்டிப்போன வண்டி அது. கொடியைப் பிய்த்துப் போடும்போது கண் கலங்கிவிட்டது.

அன்று மாலையே வக்கீலைப் பார்த்தேன். கைப்பற்றிய பொருளை 15 நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவு இன்னும் தெளிவு: பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளில் விவரப் பட்டியல், கூடவே போட்டோ, தேவைப்பட்டால் வீடியோ, பட்டியல் முடிந்த 30 நாளில் உத்தரவு. விசாரணையில் அந்தப் படமே ஆதாரமாகச் செல்லும். அப்புறம் எதற்கு ஒரு வண்டி மழையில் கிடந்து மக்க வேண்டும்?

ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.ஐ.ஆர். நகல் வைத்து மனு போட்டோம். போலீஸ் தரப்பில் ஆட்சேபணை இல்லை. விற்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது, கோர்ட் கேட்டால் கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை. இரண்டு ஜாமீன்தாரரைப் பிடிப்பதற்குள்தான் படாத பாடு பட்டேன். நான்காவது மாதம் வண்டியைத் தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போனேன்.

* * *

இது இன்னொரு குடும்பத்தின் கதை: எங்கள் வீட்டில் திருடு போய்க் கிடைத்தது நகை. இடையில் மனு போடலாம் என்று யாரும் சொல்லவில்லை, தீர்ப்பு வரை காத்திருந்தோம். தீர்ப்பு வந்தும் உடனே கொடுக்கவில்லை. அப்பீலுக்காக இரண்டு மாதம் பொறுக்க வேண்டும், அப்பீலில் உத்தரவு மாறினால் திருப்பித் தருவதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் காத்திருப்பு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பொருளைக் கைப்பற்றும்போது போலீஸ் எழுதும் மகசரில் "மஞ்சள் நிற உலோகச் செயின்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அது எங்களுடையதுதான் என்று காட்ட, கொக்கி தளர்ந்ததால் அம்மா கட்டியிருந்த கறுப்பு நூல்தான் கைகொடுத்தது. நல்லவேளை, புகாரிலேயே அதை எழுதியிருந்தோம். எடை, டிசைன், கீறல், ஒட்டு என்று நினைவுக்கு வரும் எல்லாவற்றையும் புகாரில் எழுதுங்கள். கோர்ட்டில் கவரைப் பிரித்ததும் அம்மா முதலில் தொட்டுப் பார்த்தது அந்தக் கொக்கியைத்தான். நூல் அப்படியே இருந்தது.