கிராம சபையில வெள்ளத் திட்டம் வைக்கணும், விவரம் தெரிஞ்சவங்க உதவுங்க

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். நமக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம், குளத்துப் பாசன ஊர். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சே, அந்த மழையில எங்க ஊரும் முங்குச்சு.

வர்ற அக்டோபர் 2 கிராம சபையில ஊருக்குன்னு ஒரு வெள்ளத் திட்டத்தைத் தீர்மானமா வைக்கணும்னு நாலஞ்சு பேரு சேர்ந்திருக்கோம். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம் 32-ஆம் பிரிவுல உள்ளாட்சியும் தனக்குத் திட்டம் போடணும்னுதான் இருக்கு. கேட்டா, "அதெல்லாம் கலெக்டர் ஆபீஸ்ல இருக்கும்"ங்காங்க. மாவட்டத் திட்டம் இருக்கும், சரி. குளம் நிரம்பி வழியுத தண்ணி போற எங்க மறுகால் ஓடையில சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கது அதுல எங்க வரப்போகுது?

ஆயக்கட்டு (குளத்துத் தண்ணி பாயுத நிலம்) 40 ஹெக்டேருக்கு மேல இருக்கதால குளம் நீர்வளத்துறை கையில. அந்த ஓடையை ஊராட்சி நிதியில சுத்தம் பண்ணலாமா, அனுமதி யார்ட்ட வாங்கணும்?

இதைவிடப் பெரிய தலைவலி முகாம். மழைன்னா போகச் சொல்லுத பள்ளிக்கூடமே பள்ளத்துலதான் இருக்கு. ஜன்னலுக்கு மேல படிஞ்ச சேத்துக்கோடு இன்னும் அழியல. மேட்டுல ஒரு கல்யாண மண்டபம் இருக்கு, தனியார் இடம். அதை முகாமா எழுத மண்டபக்காரர் சம்மதக் கடிதம் மட்டும் போதுமா?

உங்க ஊராட்சியில இப்படித் தீர்மானம் போட்டிருந்தா நகலை போட்டோ எடுத்து அனுப்புங்க, வாசகம் எழுதத்தான் திணறுதோம். மரக்கன்று யோசனை மட்டும் வேண்டாம், போன கூட்டத்துலயே நிறைய கேட்டாச்சு.